ஊசி தப்பினால் மழை

கருங்கரைக்கு மேலேயும் வானம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அது வேலைக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கரிசல்காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, கண்மாய்க்குள் ஆடு மேய, மழைக்காகக் கழுதைக்கும் கழுதைக்கும் கல்யாணம் பண்ணிவைத்து அந்தத் தம்பதி குட்டியும் போட்டு முடிக்க, இன்னும் ஒரு தூறல்கூட இல்லை என்றிருந்த ஒரு புரட்டாசியில், அரக்கோணத்துக்காரி இன்பரசி ஊர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சி டாக்டராக வந்து சேர்ந்தாள். படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் படித்ததெல்லாம் தலையோடு நின்றுவிட்டது, தோளைத் தாண்டிக் கைக்கு இறங்கவில்லை. ஊசியை எடுத்தால் உள்ளங்கை வேர்க்கும், விரல் நுனி ஜில்லிடும், குளுக்கோஸ் ஏற்ற நரம்பைத் தேடினால் அது பூனையைக் கண்ட எலியாக ஓடி ஒளியும். புத்தகத்தில் அதற்குச் சிரை என்று பெயர். கருங்கரையில் நரம்புதான். ஊரோடு ஒத்துப்போவதில் நமக்கென்ன நஷ்டம், நாமும் நரம்பென்றே சொல்லுவோம்.

வந்த வாரமே, காய்ச்சலில் துவண்டுபோய் வந்த மளிகைக்கடை ஆறுமுகநயினாரின் இடது கையில் அவள் ஊசியை இறக்கினாள். நரம்பு நழுவியது, ஊசி தப்பியது, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே "மன்னிச்சிடுங்கய்யா" என்று சொல்லி அவள் வாய் மூடவில்லை, ஆஸ்பத்திரியின் தகரக் கூரையில் சடசடவென்று மழை விழுந்தது. வலது கையில் முயன்றாள், அதுவும் தப்பியது, மழை வலுத்து, வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள்களைச் சாய்த்துவிட்டுப் போனது. கடைசியில் பெரிய டாக்டர் கோதண்டபாணி வந்து ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். குழாயை மூடினாற்போல மழை நின்றது. மறுநாள் வேறொரு நோயாளி, வேறொரு கை, அதே தப்பு, அதே மழை. பக்கத்து ஊரில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை, கருங்கரையின் எல்லைக்கல்லோடு மழை நின்றுகொண்டது.

இது எப்படி என்று கருங்கரையில் ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த லட்சுமியை எந்த பஸ்ஸில் வந்தாய் என்று விசாரிக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அவர்கள் கேட்டதெல்லாம் அடுத்த தடவை எப்போது என்பதுதான். கண்மாய்ப் பாசன சங்கத் தலைவர் வெயிலுமுத்து, வாயும் வயிறும் மட்டும் பெருத்த வெள்ளைவேட்டி மனுஷர், ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்களை வரிசைப்படுத்தினார். சீக்கு இல்லாத ஆட்கள் வந்தார்கள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "டாக்டரம்மா, எங்கையில ஒருக்கா தப்புங்க, உளுந்து வாடுது" என்று கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு தப்புக்கு ஓர் உழவு மழை பெய்தது. மண்வெட்டி பிடித்து நரம்பு புடைத்த கைகளுக்கு மரியாதை போய்விட்டது. தொட்டால் மெத்தென்று சதை மட்டுமே அகப்படுகிற, நரம்பே தெரியாத கைகளுக்குத் தனி மவுசு வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பாடத் தெரியுமா, கோலம் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு வளையலை ஒதுக்கச் சொல்லி முழங்கையைத் தடவிப் பார்த்தார்கள். வேண்டுமென்றே தப்பினால் மழை வருமா என்று கோதண்டபாணி ஒருநாள் தானே ஒரு கையில் தாறுமாறாகக் குத்திப் பார்த்தார். குத்து வாங்கினவன் அலறியதுதான் மிச்சம், வானம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிஜமாகவே முயன்று, நிஜமாகவே தப்பினால்தான் மழை. அதுவும் இன்பரசியின் கை தப்பினால்தான்.

கைராசி என்று ஒரு சொல் இருக்கிறதே, தொட்டால் நோய் விலகும் கைக்கு ஊர் கொடுக்கிற பட்டம், அந்தச் சொல் கருங்கரையில் தலைகீழாகக் கவிழ்ந்து உட்கார்ந்தது. பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்: 'தப்பாமல் தப்பும் தங்கக் கையே, வருக வருக!' அவள் கை நடுங்கட்டும் என்று கட்டியாக டிகாக்‌ஷன் விட்டுக் காப்பி கொண்டுவந்து குடிக்கச் சொன்னார்கள். அவள் ஊசியை எடுக்கும் நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே தப்பு அடித்தார்கள், உள்ளே தப்பு நடக்கட்டும் என்று.

இன்பரசிக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு, சொல்ல வெட்கமாக இருந்தாலும், கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. கல்லூரியில் இதே கைக்காக எத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கியிருக்கிறாள், இங்கே இதே கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். திட்டினால் திருத்திக்கொள்ளலாம், மாலை போட்டால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? அந்தச் சுகம்தான் அவளைப் பயமுறுத்தியது. இப்படியே இருந்தால் தன் கை எந்நாளும் இப்படியே இருந்துவிடும் என்று ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே நினைத்தாள், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.

"சார், என்னை வேற வேலைக்குப் போடுங்க. இல்லன்னா நீங்க பக்கத்துல நின்னு கத்துக் குடுங்க" என்று கோதண்டபாணியிடம் போய் நின்றாள்.

"கத்துக்கிட்டு என்னம்மா பண்ணப் போற? கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து நேத்தும் போன். மாவட்டத்துலயே மழை அளவு நம்ம ஊர்லதான் அதிகம். போஸ்டிங் முடிச்ச சர்டிபிகேட்ல கையெழுத்து போடப்போறது நான்தான், ஞாபகம் வெச்சுக்க. ஒழுங்கா தப்பிட்டுப் போ" என்றார் அவர்.

இந்தச் சமயத்தில்தான் வெயிலுமுத்துவின் மகள் பேச்சிக்கனி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஏழாம் மாதம். ரத்தம் குறைவு, முகமெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது, வாராவாரம் சத்து மருந்தை டிரிப்பில் ஏற்றியாக வேண்டும். கையோ நரம்பின் சாயல்கூட இல்லாத கை. மகளின் கையைப் பார்த்து வெயிலுமுத்துவுக்கு வாயெல்லாம் பல். கண்மாய் நிறைந்துவிடும் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தார்.

பேச்சிக்கனி கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஊரே தாயே தாயே என்று குழைகிற டாக்டரை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானா அது? எத்தன பேரு கைய ஓட்ட போட்டுருக்க?"

"நான் வேணும்னு பண்ணலக்கா."

"தெரியும். வேணும்னு செஞ்சா மழ வராதாமே. அப்பம் நெசமாவே ஒனக்குத் தெரியல, அதான?"

இன்பரசிக்குச் சுருக்கென்றது. அந்த ஊரில் அவளிடம் உண்மை பேசிய முதல் வாய் அதுதான்.

"இந்தா பாரு" என்றாள் பேச்சிக்கனி. "எங்கப்பாவுக்கு மழ வேணும்னா அவரு கைய நீட்டட்டும். எனக்கு மருந்து ஏறணும். எம்புள்ளைக்கு ரத்தம் வேணும். நீ ஏறுத வரைக்கும் குத்து, நான் கைய இழுக்க மாட்டேன். ஆனா ஒவ்வொரு தப்புக்கும் வண்ட வண்டயா வைவேன். கேட்டுக்கிடணும்."

அன்றைக்குப் பெய்த மழையில் கருங்கரையின் குட்டிச்சுவர்கள் இரண்டு விழுந்தன. பேச்சிக்கனி வைத வசவில் ஆஸ்பத்திரிப் புறாக்கள் கூரையை விட்டுப் போயின. ஆனால் வைதபடியே கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள், நடுவில் வாளைமீன் குழம்பு பற்றியும் புருஷனின் குறட்டை பற்றியும் கதை சொன்னாள், சொல்லிக்கொண்டே மறுபடி வைதாள். கடைசியில் கோதண்டபாணி வந்துதான் மருந்தை ஏற்றினார். மாலை போட்டவர்களின் கும்பிடு கொடுக்காத ஒன்றை அந்த வசவு இன்பரசிக்குக் கொடுத்தது. இவளுக்கு மருந்து ஏற வேண்டும் என்கிற ஆசையைக் கொடுத்தது.

மறுநாள் முதல் சீக்கில்லாத கையைத் தொடமாட்டேன் என்று இன்பரசி கதவைச் சாத்தினாள். காப்பியைக் கீழே ஊற்றினாள். சைக்கிள் கடையில் வால்வ் டியூப் வாங்கிவந்து, அதற்குள் சிவப்பு மை கலந்த தண்ணீரை நிரப்பி, ஈரத்துணிக்கு அடியில் ஒளித்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடித் தேடிக் குத்தினாள். இத்தனை நாளும் தான் நரம்பைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணுக்குத் தெரிகிற நரம்பு ஓடிவிடுகிறது. விரலுக்குத் தெரிகிற நரம்பு, தொட்டால் மெத்தென்று அமுங்கி மறுபடி எழும்புகிறதே, அது அங்கேயே இருக்கிறது. தோலை இடது பெருவிரலால் இழுத்துப் பிடிக்க வேண்டும், பிடித்த பிடியைப் பாதியில் விடக் கூடாது. இதையெல்லாம் புத்தகமும் சொல்லித்தான் இருந்தது. புத்தகம் சொன்னது பேச்சிக்கனியின் கையைத் தொட்ட பிறகுதான் அவள் விரலுக்குக் கேட்டது.

பிறகொரு நாள் பேச்சிக்கனியின் முழங்கை மடிப்பில் ஊசி இறங்கியது. ஊசியின் பின்னால் இருந்த சின்னக் குமிழியில் குபுக்கென்று ரத்தம் வந்தது. வெளியே பளீரென்று வெயில். வசவுக்கு வாயைத் திறந்த பேச்சிக்கனி திறந்த வாயோடு டிரிப்பையே பார்த்தாள். சொட்டுச் சொட்டாக மருந்து இறங்கியது.

"ஏறுதே" என்றாள், ஏதோ தானே குத்தினது போல.

இன்பரசி அழுதுவிட்டாள். வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த கட்டிலில் வாந்தியும் பேதியுமாகக் கிடந்த கிழவரின் கையைப் பிடித்தாள். அதுவும் ஏறியது.

ஏறிக்கொண்டே இருந்தது. ஐப்பசி போனது, கார்த்திகை போனது, அடைமழைக் காலத்தில் கருங்கரை வெயிலில் காய்ந்தது, ஆஸ்பத்திரியில் மருந்து தங்குதடை இல்லாமல் இறங்க ஊருக்குள் பயிர் கருகியது. ஃப்ளெக்ஸைக் கிழித்தார்கள். பால்காரன் அவளுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினான். மழை பொய்த்தால் ஊரில் யாரோ கொடும்பாவி இருக்கிறான் என்று அர்த்தம். வைக்கோலில் அவன் உருவம் செய்து, காலில் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்துவது முன்னோர் வகுத்த வழி. மற்ற வருஷங்களில் கொடும்பாவிக்கு முகம் கிடையாது. இந்த வருஷம் அதற்கு வெள்ளைக்கோட்டு போட்டார்கள், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புக்குப் பதில் சைக்கிள் டியூப் தொங்கவிட்டார்கள், கையில் மூங்கிலில் செதுக்கிய ஊசி கொடுத்தார்கள். முன்கயிற்றை வெயிலுமுத்து பிடித்திருந்தார்.

சாயங்காலம் ஊர்வலம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது ஒப்பாரி உச்சத்துக்குப் போனது. உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளும்படி நர்ஸ் கெஞ்சினாள். இன்பரசி தன் கையைப் பார்த்தாள். அது நடுங்கவில்லை, அதைக் கண்டதும் அவளுக்கே ஒரு திமிர் வந்தது. நேராக நடந்துபோய் ஊர்வலத்தின் குறுக்கே நின்று, குனிந்து கொடும்பாவியைப் பார்த்தாள். கூட்டம் ஒப்பாரியை நிறுத்தியது.

"ஊசியை அரிவாள் மாதிரி பிடிச்சிருக்கு. இப்படிப் பிடிச்சா எருமைக்குக்கூட ஏறாது" என்றாள். தெருவில் மண்டியிட்டு, வைக்கோல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூங்கில் ஊசியைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் சரியாகப் பொருத்தி, எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "இப்ப இழுத்துட்டுப் போங்க."

இழுத்துக்கொண்டுதான் போனார்கள், கொளுத்தவும் செய்தார்கள், ஆனால் ஒப்பாரியில் சுருதி சேரவில்லை. கோதண்டபாணி மறுநாள் அவளைக் கூப்பிட்டு, சர்டிபிகேட்டை மறந்துவிடு என்றார். "மறந்துட்டேன் சார்" என்றாள் அவள், உடனேயே.

தை பிறந்து ஒரு நாள், உச்சி வெயிலில், பேச்சிக்கனிக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, நல்ல அழுகை. குழந்தை வந்த பின்னாலேயே ரத்தம் வந்தது. வந்த ரத்தம் நிற்கவில்லை. கோதண்டபாணி மழை குறைந்தது பற்றிய கூட்டத்துக்காகக் கலெக்டர் ஆபீஸ் போயிருந்தார். நர்ஸ் ரத்தம் நிற்கத் தொடையில் ஊசி போட்டுவிட்டு இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. ஆனால் டிரிப் ஏற்றாமல் பெரியாஸ்பத்திரி வரை போனால் உயிர் பாதி வழியில் போய்விடும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ரத்தம் வடிந்த உடம்பில் நரம்புகள் காற்றுப்போன டியூப்பாக ஒட்டிப்போய்விடும், அதுவும் தெரியும்.

அந்தச் செய்தி ஊருக்கும் தெரிந்துவிட்டது. பேச்சிக்கனி கை, ஒட்டிப்போன நரம்பு, பெரிய டாக்டரும் இல்லை, தப்பு நிச்சயம். குடம், அண்டா, பேரல் என்று அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரி வாசலில் கூடியது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தாகத்தில் இருந்தார்கள்.

இன்பரசி வலது முழங்கையில் இறக்கினாள். தப்பியது. இடி இடித்தது, மழை கொட்டியது, வாசலில் பெண்கள் குலவை போட்டார்கள். இடது கையில் இறக்கினாள். தப்பியது. குலவை கூரையைத் தூக்கியது. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த வெயிலுமுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், பொத்தின கை வழியாகவும் தன் மகள் சாவதற்கு ஊர் குலவை போடுவது அவருக்குக் கேட்டது.

பேச்சிக்கனி கண்ணைப் பாதி திறந்தாள். "ஏட்டி... மழச் சத்தம் கேக்கு. எங்கன குத்துத நீ?"

"வைங்கக்கா. வாயை மூடாம வைங்க."

"நாசமாப்... போறவளே..." என்று அவள் தொடங்கினாள், முடிக்க மூச்சு இல்லை.

இன்பரசிக்குப் பழைய வேர்வை உள்ளங்கையில் துளிர்த்தது. கையைக் கோட்டில் துடைத்தாள். வேர்த்தால் வேர்த்துவிட்டுப் போ, நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போ, வேலையை முடித்துவிட்டு நடுங்கு என்று தன் கையிடம் வாய்விட்டே சொன்னாள். கையை விட்டுவிட்டுக் கால்மாட்டுக்குப் போனாள். கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு முன்னால் ஒரு நரம்பு போகிறது. ராஜாவானாலும் ராப்பிச்சைக்காரனானாலும் அது அங்கேதான் போகும். கண்ணுக்கும் விரலுக்கும் தட்டுப்படாவிட்டாலும் எலும்பு பொய் சொல்லாது. கண்ணை மூடினாள். எலும்பைத் தொட்டாள். எலும்பிலிருந்து முன்னால் நகர்ந்தாள். தோலை இழுத்துப் பிடித்து, மழை கூரையைப் பிய்க்க, வாசலில் தப்பு மேளம் அதிர, ஊர் இன்னொன்று இன்னொன்று என்று கூவ, ஊசியை இறக்கினாள்.

மழை நின்றது.

கூரையிலிருந்து வழிந்த தண்ணீரும் நின்ற பிறகு அவள் கண்ணைத் திறந்தாள். குமிழியில் கருஞ்சிவப்பாக ரத்தம் நின்றது. நர்ஸ் டிரிப்பை மாட்டினாள், கணுக்கால் வழியாகத் தண்ணீர் உயிருக்குள் ஓடத் தொடங்கியது. வெளியே ஊரே ஒரே குரலில் "அய்யய்யோ" என்றது.

ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றினார்கள். குழந்தையோடு பேச்சிக்கனியின் தாய் ஏறினாள், டிரிப் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இன்பரசி ஏறினாள். வண்டி நகரவில்லை. அரைகுறையாக நிறைந்த குடங்களோடு கூட்டம் வாசலை அடைத்து நின்றது.

"ஒரே ஒரு குத்து தாயி" என்று ஒருவன் கெஞ்சினான். "மடை வரைக்கும் தண்ணி வந்துட்டு. இன்னொருக்கா தப்புனியன்னா கம்மா நெறஞ்சு மறுகால் பாஞ்சிரும். எங்க புள்ளைகளும் பொழச்சிக்கிடும்."

"எம்மகல அது!" என்று வெயிலுமுத்து கூட்டத்தின் மேல் விழுந்தார். "வழிய விடுங்கல!"

"ஒங்க காட்டுக்கும் சேத்துத்தான கேக்கோம், மாமா? வரிசயில நிப்பாட்டி எங்களக் குத்த வச்சது நீங்கதான?"

வெயிலுமுத்து மாரடித்துக்கொள்ள ஓங்கின கை அப்படியே நின்றது. எல்லோரும் வண்டியின் பின்கதவைப் பார்த்தார்கள். இன்பரசி பாட்டிலை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"நான் இந்த ஊருக்கு மழை கொண்டு வரல. தப்பைத்தான் கொண்டு வந்தேன். அது தீர்ந்துபோச்சு. வழி விடுங்க."

"அப்பம் மழைக்கு நாங்க எங்க போக?"

"தெரியாது" என்றாள். "நீங்க காயுறது எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இந்தக் கை எனக்கு வர எத்தனை பேர் ரத்தம் போயிருக்குன்னு தெரியும். இதை நான் யாருக்கும் திருப்பித் தர மாட்டேன். மழைக்கும் தர மாட்டேன்."

குலவை போட்ட பெண்கள்தான் முதலில் விலகினார்கள். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள். ஒருத்தி தன் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒதுங்க, அடுத்தவள் ஒதுங்க, பார்த்துக்கொண்டு நின்ற ஆண்களும் வழி விட்டார்கள். வெயிலுமுத்து வண்டிக்கு முன்னால் ஓடினார், ஊர் எல்லை வரைக்கும், வேட்டி சேற்றில் புரள, வழியெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு.

பெரியாஸ்பத்திரியில் பேச்சிக்கனிக்கு ரத்தம் ஏற்றினார்கள். ரத்தப்போக்கு நின்றது. பொழுது சாய்வதற்குள் அவளுக்குக் கண் தெளிந்து, விட்ட இடத்திலிருந்து வசவைத் தொடர்ந்து, பாதியில் குழந்தையைக் கேட்டாள். வெளியே மேகம் என்று பேருக்குக்கூட ஒன்றில்லை.

வார்டு சுற்றிவந்த பெரிய டாக்டரம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம் மாணவர்கள். போர்வையை விலக்கிக் கணுக்காலைப் பார்த்தாள், பிளாஸ்திரியை லேசாகத் தொட்டுப் பார்த்தாள், நோயாளி வந்து சேர்ந்தபோது இருந்த நிலைமையைக் கேட்டுக்கொண்டு மறுபடி கணுக்காலைப் பார்த்தாள்.

"இப்படிச் சுருண்டு கிடந்த உடம்புல இந்த டிரிப் லைனைப் போட்டது யாரு?"

சுவரோரம், கருங்கரைச் சேறும் பேச்சிக்கனியின் ரத்தமும் காய்ந்த கோட்டோடு, இன்பரசி உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். அந்த வார்டுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"நான்."